மேரி ஷெல்லி அம்மையார்

மக்கள் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுள் அச்சமும் ஒன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்து, அவற்றுள் அச்சத்தையும் வைத்தார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் ஆகிய நான்கினால் அச்சம் பிறக்கும் என்பது அவர் கூறும் இலக்கணம். அஞ்சத் தக்கவற்றைக் கண்டு நடுங்கும் அதே மனிதன், அஞ்சத் தக்க கதையை விரும்பிக் கேட்கவும் செய்கின்றான். மழை பெய்யும் இரவில் விளக்கைச் சூழ்ந்திருந்து பேய்க்கதை கேளாத சிறுவர் யாவர்? உடல் நடுங்கும், செவியோ மேலும் கேட்க விழையும். இது மனித இயல்பு.

இக்காலத்தில் இவ்விழைவு ஒரு விளையாட்டாகவும் வளர்ந்துள்ளது. நண்பர் சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் கதைமாந்தருள் ஒருவராகத் தம்மைக் கொண்டு, தாம் செய்வதையும் செல்லும் வழியையும் சொல்லிக்கொண்டே வருவர். முடிவு ஐயமாகும் இடத்தில் பகடை உருட்டித் துணிவர். கதை பல வாரங்கள் தொடர்வதும் உண்டு. இவ்வகை ஆட்டங்களுள் முன்னோடியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அமெரிக்க நாட்டில் 1974-ஆம் ஆண்டு வெளிவந்தது. அச்சக் கதைகளுக்கென்றே அமைந்த ‘கால் ஆஃப் கதுல்ஹூ’ என்னும் ஆட்டம் 1981-ஆம் ஆண்டு தோன்றியது.

இத்தகைய ஆட்டத்தில் கதை நடத்துவோர்க்கு முதற்கண் நேரும் இடர் ஒன்று உண்டு. கேட்போர் உள்ளம் நடுங்கத்தக்க கதைக் கருவை எங்கே தேடுவது? பாழடைந்த மாளிகையும் ஆந்தையின் அலறலும் அதற்குப் போதுமா? இவ்விடர் புதியதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன், மழையால் வெளியே செல்லவியலாத நண்பர் சிலர் ஓர் ஏரிக்கரை வீட்டில் கூடியிருந்து, ஆளுக்கொரு பேய்க்கதை புனைவதென உறுதி செய்துகொண்டனர். அவர்களுள் கதைக்கரு கிடைக்காமல் பல நாள் வருந்தியவர் பதினெட்டு வயதுப் பெண் ஒருவர். இறுதியில் அவர் கண்ட கரு உலகம் மறவாத கதையாக வளர்ந்தது. அவரே மேரி ஷெல்லி அம்மையார்.

பிறப்பும் இளமையும்

மேரி 1797-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் கோட்வின் அரசியல் நீதியைப் பற்றி 1793-ல் பெருநூல் ஒன்று இயற்றிப் புகழ் பெற்றவர். தாயார் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பெண்களின் உரிமையை நிலைநாட்டி 1792-ல் நூல் எழுதிய பெருமாட்டியார். அறிவிற் சிறந்த இருவர்க்கும் மகளாகத் தோன்றியது மேரியின் பேறு. ஆயின் அப்பேற்றுடன் பெருந்துன்பமும் ஒருங்கே வந்தது. மகப்பேற்றினால் உண்டான காய்ச்சலால் தாயார் பதினொரு நாளில் உயிர் நீத்தார். தாயின் முகத்தை மேரி ஓவியத்தில் மட்டுமே கண்டார். தாயின் உள்ளத்தை அவர் எழுதிய நூல்களில் மட்டுமே அறிந்தார்.

கோட்வின் தம் மகளை அருமையாக வளர்த்தார். செயின்ட் பாங்கிராஸ் என்னும் கோயிலின் இடுகாட்டில் தாயின் கல்லறை இருந்தது. அக்கல்லில் பொறித்த எழுத்துகளை விரலால் தடவித் தடவியே மேரி எழுத்தறிந்தார் என்பர். வளர்ந்த பின்னரும் அவர் நூலும் கையுமாய் அங்குச் சென்று, அமர்ந்து படிப்பது வழக்கம். பிறர் இடுகாட்டை அஞ்சி விலகுவர். மேரிக்கோ அது தாய்மடியாக இருந்தது. இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையே உள்ள எல்லையைப் பற்றிய எண்ணம் அவருள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

1801-ஆம் ஆண்டு கோட்வின் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தாய்க்கும் மேரிக்கும் மனம் பொருந்தவில்லை. எனினும் அவ்வீடு கற்றோர் கூடும் கழகமாகவே விளங்கிற்று. கவிஞர்களும் அறிவியல் அறிஞர்களும் வந்து உரையாடுவர். ஒருநாள் கோலரிட்ஜ் என்னும் பெருங்கவிஞர் அங்கு வந்து, கடல் நடுவே சாபமுற்ற மாலுமி ஒருவனைப் பற்றித் தாம் பாடிய நெடும்பாட்டை ஓதினார். உறங்கச் செல்லுமாறு பணிக்கப்பட்ட சிறுமி மேரி, இருக்கையின் பின்னே ஒளிந்திருந்து அதனைக் கேட்டார் என்று வரலாறு கூறுவர். பனிப்பாறைகள் மிதக்கும் கடலும், தான் செய்த பிழையைச் சுமந்து திரியும் மனிதனும் அன்று அவர் நெஞ்சில் பதிந்தன.

1812-ஆம் ஆண்டில் உடல்நலம் கருதி மேரியை ஸ்காட்லாந்தில் உள்ள டண்டீ நகருக்குத் தந்தையார் அனுப்பினார். அங்கே பாக்ஸ்டர் என்பார் குடும்பத்துடன் ஏறக்குறைய இரண்டாண்டு காலம், இடையிடையே இலண்டன் வந்து சென்று, அவர் தங்கியிருந்தார். டண்டீ திமிங்கில வேட்டைக்குப் பேர் பெற்ற துறைமுகம். அங்கிருந்து கப்பல்கள் வடகடற் பனிவெளி நோக்கிச் செல்லும். மரமில்லாத மலைச்சரிவுகளிலும் ஆளரவமற்ற ஆற்றங்கரையிலும் உலவியபொழுதே தம் கற்பனை சிறகு முளைத்துப் பறக்கத் தொடங்கியது என்று அம்மையார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்துள்ளார்.

துன்பமும் கனவும்

1814-ஆம் ஆண்டில் மேரி, பெர்சி ஷெல்லி என்னும் இளங்கவிஞரோடு நட்புக் கொண்டார். ஷெல்லி கோட்வினின் கருத்துகளைப் போற்றி அவர் வீட்டிற்கு வந்து பழகியவர், ஏற்கெனவே மணமானவர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் மேரி தந்தையின் இசைவின்றி அவருடன் நாட்டை விட்டு நீங்கினார். பிரான்சு, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளைச் சுற்றி இரு திங்களுக்குள் மீண்டனர். ஊரார் பழித்தனர். கோட்வினும் மகளை முகங்கொடுத்துப் பாராமல் வாயிலை அடைத்தார். தம்மை உருவாக்கி வளர்த்தவரே தம்மைக் கைவிட்டார் என்னும் வருத்தம் மேரியின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அதனினும் பெரிய துன்பம் பின்னே வந்தது. 1815-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மேரிக்குப் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. நிறைமாதம் ஆகுமுன் பிறந்த அக்குழவி, பெயரும் இடப்பெறாமல், இரு வாரங்களுக்குள் இறந்தது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கையில் குழந்தை உயிரற்றுக் கிடந்தது. சில நாள் கழித்து மேரி ஒரு கனவு கண்டார். குழந்தை உண்மையில் இறக்கவில்லை, குளிரால் விறைத்திருந்தது, அடுப்பின் முன்னே வைத்துத் தேய்க்கவும் உயிர்த்தெழுந்தது. விழித்துப் பார்த்தார், குழந்தை இல்லை. இக்கனவை அவர் தம் நாட்குறிப்பில் மிகச் சில சொற்களால் எழுதி வைத்தார். உயிரற்ற உடலை மீண்டும் உயிர்ப்பித்தல் என்னும் எண்ணம் அவருக்குப் பேய்க்கதையாக வரவில்லை. குழந்தையை இழந்த தாயின் ஏக்கமாகவே முதலில் வந்தது. இதனை நினைவிற் கொள்ளாதார் அவர் பின்னர் எழுதிய கதையின் பொருளை முழுதும் உணரமாட்டார்.

ஏரிக்கரை வீடு

1816-ஆம் ஆண்டு சனவரியில் மேரிக்கு ஆண் மகவு பிறந்தது. அதற்கு வில்லியம் எனப் பெயரிட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஷெல்லியும் மேரியும் குழந்தையுடன் சுவிட்சர்லாந்து சென்று, ஜெனீவா ஏரியின் கரையில் ஒரு சிறு வீட்டில் தங்கினர். மேரியின் மாற்றாந்தாய்க்கு முன்னரே பிறந்த மகளான கிளேரும் உடன் சென்றார். அவ்வீட்டிற்கு அருகே, மேட்டின்மேல், டியோடாட்டி என்னும் பெருமனை இருந்தது. அதில் புகழ்மிக்க கவிஞரான பைரன் பிரபு தம் மருத்துவர் போலிடோரியுடன் குடியிருந்தார். போலிடோரிக்கு அப்பொழுது வயது இருபது.

அவ்வாண்டின் கோடை கோடையாகவே இல்லை. நாள்தோறும் மழை, இடியும் மின்னலும் ஏரியின்மேல் விளையாடின. ஐரோப்பாவின் பல பகுதிகளில் பயிர்கள் அழிந்து பஞ்சம் வந்தது. இதற்குக் காரணம் மிகத் தொலைவில் இருந்தது. 1815-ஆம் ஆண்டு ஏப்ரலில், இன்று இந்தோனேசியா எனப்படும் நாட்டின் சும்பாவாத் தீவில், தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதனின்று எழுந்த நுண்துகள்கள் வானில் பரவிக் கதிரவன் ஒளியை மறைத்தமையால் உலகின் பல பகுதிகள் குளிர்ந்தன. ஏரிக்கரை வீட்டில் இருந்தோர் இக்காரணத்தை அறியார். வெளியே செல்ல முடியாமையால் அவர்கள் இரவுதோறும் பைரனின் மனையில் கூடி, தீ மூட்டி, அதனைச் சூழ்ந்து அமர்ந்தனர்.

அங்கே செர்மானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு நூல் ஒன்று கிடைத்தது. அதனைப் படித்துப் படித்து அவர்கள் தாமும் அஞ்சினர், பிறரையும் அச்சுறுத்தினர். ஓரிரவு பைரன், கோலரிட்ஜ் பாடிய ‘கிறிஸ்டபெல்’ என்னும் பாட்டை ஓதக் கேட்ட ஷெல்லி, அலறிக்கொண்டு அறையை விட்டே ஓடினார். இவ்வாறு உள்ளம் கிளர்ந்திருந்த வேளையில், ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுத வேண்டும் என்று பைரன் கூறினார். யாவரும் உடன்பட்டனர்.

கரு தேடிய நாட்கள்

கவிஞர் இருவரும் விரைவில் தொடங்கி, விரைவில் சலித்து விட்டுவிட்டனர். போலிடோரியும் ஒரு கதையைத் தொடங்கினார். மேரிக்கோ ஒன்றும் தோன்றவில்லை. படிப்பவர் சுற்றுமுற்றும் பார்க்க அஞ்சும்படியும், குருதி உறையும்படியும், நெஞ்சத் துடிப்பு மிகும்படியும் ஒரு கதை வேண்டும் என்று அவர் விரும்பினார். விருப்பம் இருந்தது; கரு வரவில்லை. கதை கிடைத்ததா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் நண்பர் வினவுவர். இல்லை என்று விடை சொல்லி அவர் நாணுவார். புகழ்பெற்ற பெற்றோர்க்குப் பிறந்தவர், புகழ்பெற்ற கவிஞர் நடுவே, வெறுந்தாளை நோக்கி அமர்ந்திருந்தார்.

அவர் முதலில் தேடிய இடம் தவறானது. படித்த நூலில் இருந்த வெளிறிய மகளிரையும் பழைய கோட்டைகளையும் போன்ற பிறவற்றையே மனம் தேடிற்று. பிறர் கண்ட அச்சத்தின் நிழலில் தமக்குரிய அச்சம் கிடைக்கவில்லை.

ஒரு நாள் இரவு பைரனும் ஷெல்லியும் உயிரின் இயல்பைப் பற்றி நெடுநேரம் உரையாடினர். மேரி அமைதியாகக் கேட்டிருந்தார். அக்காலத்தில் அறிஞர் உலகைக் கலக்கிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. இத்தாலி நாட்டு அறிஞர் கால்வானி இறந்த தவளையின் காலில் மின்சாரம் பாயக் கால் துடித்ததைக் கண்டு, அதனை 1791-ல் வெளியிட்டார். அவர் உடன்பிறந்தாள் மகனான ஆல்டீனி 1803-ல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட குற்றவாளி ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். பிணத்தின் தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது, கை உயர்ந்தது. உயிரற்ற உடலுக்கு மனிதனே உயிர் ஊட்டவும் கூடுமோ என்னும் வினா எங்கும் எழுந்தது. அவ்வினாவே அன்றைய இரவும் பேசப்பட்டது.

நள்ளிரவு கழிந்த பின் மேரி படுக்கைக்குச் சென்றார். உறக்கம் வரவில்லை. கண்கள் மூடியிருந்தன, உள்ளம் விழித்திருந்தது. அப்பொழுது அவர் அகக்கண்ணில் ஒரு காட்சி தோன்றியது. வெளிறிய முகத்தினனான மாணவன் ஒருவன், தான் பொருத்திச் சேர்த்த உருவத்தின் அருகே மண்டியிட்டிருக்கின்றான். அவ்வுருவம் அசைகின்றது. தன் வெற்றியைக் கண்டு அவனே நடுங்கி ஓடுகின்றான். ஓடிச் சென்று உறங்க முயல்கின்றான். கண் விழிக்கையில் அவ்வுருவம் படுக்கையருகே நின்று திரையை விலக்கி அவனையே நோக்குகின்றது. மேரி திடுக்கிட்டுக் கண் திறந்தார். சாளரக் கதவின் இடுக்கு வழியே நிலவொளி நுழைந்துகொண்டிருந்தது. 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க வானியலார் சிலர் அவ்வீட்டின் அமைப்பையும் திங்களின் செலவையும் ஆராய்ந்து, அந்நிகழ்ச்சி ஜூன் 16-ஆம் நாள் விடியுமுன் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே நேர்ந்திருத்தல் கூடும் எனக் கணித்தனர்.

அக்காட்சியை மறக்க முயன்ற மேரிக்குத் தம் கதையின் நினைவு வந்தது. உடனே உண்மை புலப்பட்டது. தம்மை அச்சுறுத்தியது பிறரையும் அச்சுறுத்தும். தம் தலையணையில் வந்த காட்சியை அப்படியே எழுதினால் போதும். மறுநாள் காலையில் நண்பர்களிடம், கதை கிடைத்துவிட்டது என்று மகிழ்வுடன் அறிவித்தார்.

கதை வளர்ந்தது

சில பக்கங்களில் முடியும் சிறுகதையாகவே மேரி அதனைத் தொடங்கினார். விரித்தெழுதுமாறு ஷெல்லி வற்புறுத்தினார். அவ்வாண்டு ஜூலையில் அவர்கள் ஷாமொனி மலைக்குச் சென்று, கடல்போல் பரந்து கிடக்கும் பனிப்பாறை வெளியைக் கண்டனர். அவ்விடமே, படைத்தவனும் படைக்கப்பட்டதும் நேருக்கு நேர் நின்று பேசும் களமாகக் கதையில் அமைந்தது. இங்கிலாந்து திரும்பியபின் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியின் நூலைப் பயின்றார். அவ்வாண்டின் இறுதியில் மேரியின் தமக்கையும், ஷெல்லியின் முதல் மனைவியும் அடுத்தடுத்து அகால மரணம் எய்தினர். டிசம்பர் 30-ஆம் நாள் ஷெல்லியும் மேரியும் மணந்துகொண்டனர். துயரும் ஆறுதலும் மாறி மாறி வந்த அந்நாட்களில், கைக்குழந்தையைப் பேணிக்கொண்டே அவர் எழுதினார். 1817-ஆம் ஆண்டின் இளவேனிலில் நூல் முற்றுப்பெற்றது.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்பது அந்நூலின் பெயர். ஜெனீவா நகரத்து இளைஞனாகிய விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் உயிரின் மறைபொருளை அறியும் வேட்கையால் இரவு பகலாக உழைத்து, எட்டடி உயரமுள்ள ஓர் உருவத்தைச் சமைத்து உயிரூட்டுகின்றான். அதன் கண் திறந்தவுடன் வெறுப்புற்று ஓடிவிடுகின்றான். கைவிடப்பட்ட அவ்வுயிர் காட்டில் அலைந்து, ஒரு குடிசையின் அருகே மறைந்திருந்து, அங்குள்ளோர் பேச்சைக் கேட்டே மொழி கற்கின்றது. நூல்களைப் படிக்கின்றது. அவர்கட்கு விறகு வெட்டி வைத்து மறைவாக உதவுகின்றது. அன்பை நாடி அவர்கள் முன் வந்தபொழுதோ, அதன் வடிவத்தைக் கண்டு அடித்துத் துரத்துகின்றனர். எங்கும் இகழப்பட்ட அவ்வுயிர், தன்னைப் படைத்தவன்மேல் சினங்கொண்டு, அவனுக்கு அன்பானவரை ஒவ்வொருவராகக் கொல்கின்றது. இறுதியில் இருவரும் வடகடற் பனிவெளியில் ஒருவரை ஒருவர் தொடர்ந்து சென்று அழிவை நாடுகின்றனர்.

இக்கதையில் பேய் இல்லை, மந்திரம் இல்லை, சாபமும் இல்லை. எனினும் படிப்போர் நடுங்குகின்றனர். தொல்காப்பியர் வகுத்த நால்வகை அச்சத்துள் இதனை எளிதில் அடக்க இயலாது. தெய்வத்தால் வந்ததன்று, விலங்கால் வந்ததன்று, கள்வராலும் அரசராலும் வந்ததன்று. தன் கையால் தானே ஆக்கியதனால் மனிதனுக்கு வரும் அச்சம் இது. மேலும், அஞ்சத் தக்க அவ்வுயிரின்மேல் படிப்போர்க்கு இரக்கமும் பிறக்கின்றது. அச்சமும் இரக்கமும் ஒரே பொருளின்மேல் செல்லுமாறு அமைத்ததே அம்மையாரின் தனித்திறம். கைவிடப்பட்ட மகவின் துயரை அவர் அறிவார். மகவை இழந்த தாயின் துயரையும் அறிவார். அவ்வுயிருக்குக் கதை முழுவதிலும் பெயரே இல்லை; அம்மையார் இழந்த முதற் குழந்தைக்கும் பெயர் இருந்ததில்லை. அவ்வுயிரால் முதலிற் கொல்லப்படும் சிறுவனுக்கு அவர் இட்ட பெயர், தம் மகனின் பெயராகிய வில்லியம் என்பதே. தாம் மிகவும் அஞ்சியதையே அவர் எழுதினார்.

வெளியீடும் பின்வாழ்வும்

நூல் 1818-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அச்சிட்டவை ஐந்நூறு படிகளே. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. முன்னுரையை ஷெல்லி எழுதியமையால் நூலும் அவருடையதே எனப் பலர் எண்ணினர். புகழ்பெற்ற எழுத்தாளரான வால்டர் ஸ்காட்டும் அவ்வாறே கருதி, நூலைப் பாராட்டி மதிப்புரை எழுதினார். பத்தொன்பது வயதில் ஒரு பெண் எழுதி முடித்தது அந்நூல் என்பதை உலகம் பின்னரே அறிந்தது. 1823-ல் வந்த பதிப்பில்தான் அம்மையாரின் பெயர் பொறிக்கப்பட்டது.

அதற்குள் துன்பங்கள் அவரைச் சூழ்ந்தன. 1818-ல் மகள் கிளாரா வெனிசு நகரில் இறந்தாள். 1819-ல் மகன் வில்லியம் உரோமாபுரியில் இறந்தான். அவ்வாண்டு இறுதியில் பிறந்த பெர்சி ஃபுளோரன்சு என்னும் மகன் ஒருவனே எஞ்சினான். 1822-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் ஷெல்லி சென்ற படகு இத்தாலியக் கடலில் புயலிற் சிக்கி மூழ்கியது. இருபத்து நான்கு வயதில் அம்மையார் கைம்மை எய்தினார்.

அவர் சோர்ந்துவிடவில்லை. 1823-ல் இங்கிலாந்து திரும்பி, எழுத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு மகனை வளர்த்தார். கொள்ளைநோயால் மக்களினமே அழிந்து ஒருவன் மட்டும் எஞ்சும் ‘கடைசி மனிதன்’ என்னும் புதினத்தை 1826-ல் வெளியிட்டார். தம் அன்பர் யாவரையும் இழந்து தனித்து நின்ற துயரே அக்கதைக்கும் வித்தாயிற்று. கணவரின் பாடல்களைத் தொகுத்து, திருத்தி, குறிப்புகளுடன் 1839-ல் பதிப்பித்தார். ஷெல்லியின் கவிதைகள் இன்று உலகிற்குக் கிடைப்பதில் அம்மையாரின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

1831-ல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நூலைத் திருத்தி, கதைக்கரு கிடைத்த வரலாற்றை முன்னுரையாக எழுதிச் சேர்த்தார். அழகற்ற அப்படைப்பு உலகில் உலவி நலமுடன் வாழ்க என அங்கே வாழ்த்தினார். தம் இன்ப நாட்களில் பிறந்தமையால் அதன்மேல் தமக்கு அன்பு உண்டு என்றும் கூறினார். விக்டர் தன் படைப்பைக் கண்டு அஞ்சி ஓடினான். அம்மையாரோ தம் படைப்பை மகவென ஏற்றுக்கொண்டார்.

1851-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில், இலண்டனில் அம்மையார் காலமானார். போர்ன்மத் என்னும் கடற்கரை ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பெற்றோரின் எலும்புகளும் இலண்டனிலிருந்து கொணரப்பெற்று அவர் அருகே வைக்கப்பட்டன. எழுத்தறிவித்த கல்லறையைச் சிறுமியாய் நாடிச் சென்றவர், முடிவில் தாயின் அருகிலேயே துயில்கின்றார்.

அவர் விட்டுச் சென்ற செல்வம்

ஏரிக்கரை வீட்டில் தொடங்கிய அவ்விளையாட்டு இன்னும் முடியவில்லை. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1823-லேயே நாடகமாயிற்று. 1931-ல் வந்த திரைப்படம் அவ்வுருவத்தை உலகெங்கும் அறியச் செய்தது. மருத்துவர் போலிடோரி எழுதி 1819-ல் வெளிவந்த கதை, குருதி குடிக்கும் பேயை ஆங்கிலக் கதையுலகில் உலவவிட்டது. அவ்வழியில் வந்ததே 1897-ல் வெளியான ‘டிராகுலா’. இன்று மேசையைச் சூழ்ந்தமர்ந்து ஆடும் கதை விளையாட்டுகளிலும் இவ்விரு மரபுகளும் வாழ்கின்றன. 1983-ல் வெளிவந்த ‘ரேவன்லாஃப்ட்’ என்னும் ஆட்டக்கதை, குருதி குடிக்கும் பிரபு ஒருவன் வாழும் கோட்டையைக் களமாகக் கொண்டது. பிணங்களின் தசையால் ஆக்கப்பட்ட உருவம் அவ்விளையாட்டுகளில் பலகாலும் எதிர்ப்படுகின்றது.

அவ்வாறு கதை நடத்த விரும்பும் இளைஞர்க்கு அம்மையாரின் வாழ்க்கை நல்லாசானாக விளங்கும். பிறர் கூறிய பேய்களை எண்ணிப் பயனில்லை. தம் உள்ளத்தை உண்மையில் நடுங்கச் செய்வது யாது என நோக்குதல் வேண்டும். தம் காலத்து அறிஞர் எழுப்பும் வினாக்களையும், தாம் கண்ட மலையையும் கடலையும், தாம் கேட்ட பாட்டையும் கதைக்குத் துணையாக்கிக்கொள்ளுதல் வேண்டும். அஞ்சத் தக்கதன் நெஞ்சிலும் புகுந்து அதன் துயரை உணர்தல் வேண்டும்.

இதற்கு மேலும் ஓர் உண்மையை அம்மையார் உணர்த்துகின்றார். புதியதொன்றை ஆக்குதல் அறிவின் செயல். ஆக்கியதைக் கைவிடாமற் காத்தல் அன்பின் செயல். அறிவு முன்னே ஓட, அன்பு பின்தங்கிவிடின் கேடு விளையும். புதிய ஆற்றல்கள் பலவற்றை மனிதன் நாள்தோறும் ஆக்கிவரும் இக்காலத்தில், பதினெட்டு வயதில் ஒரு பெண் மழையிரவில் கண்ட அக்காட்சி அனைவரும் எண்ணிப் பார்த்தற்குரியது.